மணம் போன எரு: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் பன்றிப் பண்ணைக் கழிவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்தக் கழிவோடு போகும் குடற்புழு முட்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதன்பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். வத்தளை, ஜா-எல, நீர்கொழும்பு என்று கொழும்புக்கு வடக்கே கரையோரமாகப் பலர் பன்றி வளர்க்கிறார்கள். நகரத்து ஹோட்டல்களின் மிச்சச் சோறு அங்கே போகிறது. அங்கிருந்து இறைச்சியும் எருவும் நகரத்துக்கு வருகின்றன. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. ஏழு கடிதங்களை எடுத்திருக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. 31 வருடம் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்து மலப் பரிசோதனை செய்தவள். அந்த மேசையில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: மிஸ், பல்கனியில் 12 சாடிகளில் வல்லாரையும் பச்சைமிளகாயும் வளர்க்கிறேன். தெரிந்தவர் ஒருவர் ஒரு உரப்பை நிறையப் பன்றி எரு தந்திருக்கிறார். இரண்டு மாதப் பழைய எரு, நன்றாகக் காய்ந்துவிட்டது, மணமே இல்லை, பயப்படாமல் போடுங்கள் என்கிறார். போடலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

போட வேண்டாம் தங்கச்சி. வல்லாரைக்கு வேண்டவே வேண்டாம்.

தந்தவர் நல்ல மனதோடுதான் தந்திருப்பார். ஆனால் இந்த விஷயத்தில் ஊரே நம்புகிற கணக்கு தலைகீழாக இருக்கிறது. பன்றி இன்று காலை போட்ட சாணத்தில் வட்டப்புழு முட்டை ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அது கையில் பட்டு வாய்க்குப் போனால்கூட அந்த முட்டையால் புழு வராது. (வேறு கிருமிகள் வரும், அது தனிக் கதை.) அப்போது முட்டைக்குள் இருப்பது ஒரே ஒரு கலம். அது ஈரமும் காற்றும் சூடும் உள்ள இடத்தில் கிடந்து, ஒன்று இரண்டாகப் பிரிந்து, குடம்பியாக, அதாவது புழுக்குஞ்சாக, வளர வேண்டும். நம் கொழும்புச் சூட்டுக்கு மூன்று நாலு கிழமை போதும். அதாவது நாற்றம் அடங்கி, ஈ விட்டுப்போய், "நல்லாப் பழுத்த எரு" என்று கையால் அள்ளத் தோன்றும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில்தான் முட்டை தொற்றுகிற நிலைக்கு வருகிறது. நாற்றம் பக்ரீரியாக்களின் வேலை. அது நின்றதற்கும் முட்டை செத்ததற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

பன்றியின் வட்டப்புழுவுக்கு அஸ்காரிஸ் சூவம் என்று பெயர். மனிதருக்கு வரும் அஸ்காரிஸ் லம்பிரிகோயிடிஸுக்குக் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 2 லட்சத்துக்கும் மேலே முட்டை இடும். முட்டை ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பலாக்காய்த் தோல்போல மேலெல்லாம் முட்டுமுட்டாக, பித்தம் ஏறிப் பிளேன்டீ நிறத்தில் இருக்கும்.

அதன் ஓடு எப்படிப்பட்டது என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே பார்த்தேன். ஒரு மாதிரியை ஃபோமலினில் போட்டு ராக்கையில் வைத்து மறந்துவிட்டோம். ஒன்றரை மாதம் கழித்து எங்கள் மூத்த உத்தியோகத்தர் அதில் ஒரு துளியை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஓட்டுக்குள் ஒரு குடம்பி சுருண்டு கிடந்து மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. பிணத்தைப் பழுதாகாமல் வைக்கிற மருந்துக்குள் கிடந்து அது வளர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து "காய்ந்த எருதானே" என்று யாராவது சொன்னால் என் வயிறு கலங்கும்.

இதைக் கொல்ல நம் கையில் இருப்பது சூடு. 60 பாகை செல்சியஸில் சீக்கிரம் சாகும். எருக்குவியல் தானே சூடேறி 55 பாகைக்கு மேலே நாட்கணக்கில் நின்றாலும் சாகும். ஆகவே எரு தருபவரிடம் எத்தனை மாதம் பழையது என்று கேட்காதீர்கள். குவியல் சூடேறியதா, எத்தனை தரம் புரட்டிப் போட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பையைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு சாடியில் போட்டிருந்தால் அந்த வல்லாரையைச் சம்பலுக்கு எடுக்காதீர்கள். வல்லாரையை நாம் பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூவோடு பிசைந்து சாப்பிடுகிறோம், அதுதான் எனக்குப் பயம். மிளகாய்ச் செடிக்குப் போட்டிருந்தால் காயைத் தேய்த்துக் கழுவிச் சமையுங்கள். சாடி மண்ணைக் கிளறிய கையை நகம்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கடையில் வாங்கும் வல்லாரைக்கும் இது பொருந்தும். உப்புத் தண்ணீரோ வினாகிரியோ மஞ்சளோ முட்டையைக் கொல்லாது. ஓடும் தண்ணீரில் இலை இலையாக, தண்டைப் பிரித்து, விரலால் தேய்த்துக் கழுவினால் கழன்று போகும். நேரமில்லாத நாளில் வறை வறுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு பன்றித் தொழுவம். அதன் கழிவுக்குழி பெருமழைக்கு நிரம்பி எங்கள் கிணற்றடிவரை வந்துவிட்டது. பி.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளோரின் போட்டார். இனிக் குடிக்கலாம்தானே? (வாசகர், ஹெந்தளை)

கொதிக்க வைத்துக் குடியுங்கள் ஐயா. கொதித்த தண்ணீரில் இந்த முட்டை ஒன்றும் தப்பாது.

குளோரின் போட்டது சரியான வேலை. வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல் உண்டாக்கும் பக்ரீரியாக்களை அது கொல்லும். வட்டப்புழு முட்டையை ஒன்றும் செய்யாது. ஆய்வுகூடத்தில் அந்த முட்டுமுட்டான மேலுறையை நீக்கிப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் வெளுக்கிற குளோரின் திரவத்தில்தான் ஊறவிடுவோம். மேலுறை கரைந்து, உள்ளே முட்டை கண்ணாடிபோலத் தெளிவாக, உயிரோடு நிற்கும். கிணற்றில் போடும் குளோரின் அதைவிட எத்தனையோ மடங்கு ஐதானது. பலந்தீடியம் என்று ஒரு கலத்தாலான உயிர் ஒன்றும் பன்றிக் குடலில் வாழ்கிறது. பன்றிக்கு அதனால் பெரும்பாலும் ஒரு துன்பமும் இல்லை. மனிதருக்குச் சிலவேளை இரத்தக்கழிச்சலைத் தரும். அதுவும் குளோரினுக்கு லேசில் அசையாது, சூட்டுக்குச் சாகும்.

ஒரு ஆறுதலும் இருக்கிறது. புழு முட்டை பாரமானது, பெரியது. உங்கள் பக்கத்து மணலுக்குள்ளால் ஊறி வரும்போது பெரும்பாலும் மணலிலேயே தங்கிவிடும். மேலால் வழிந்து வருவதும், கட்டு வெடித்த இடத்தால் இறங்குவதும்தான் ஆபத்து. கிணற்றுக் கட்டை உயர்த்துங்கள், சுற்றிவர சீமெந்துத் தளம் போடுங்கள், வாளியை மண்ணில் வைக்காதீர்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது பல வீட்டுக் கிணறுகள் மூழ்கின. அப்படி மூழ்கிய கிணற்றை இறைத்து, அடிச் சேற்றை அள்ள வேண்டும். முட்டை மிதப்பதில்லை, சேற்றில் போய் உட்காரும்.

தொழுவக்காரரோடு முதலில் பேசிப் பாருங்கள். குழியைச் சுற்றி ஒரு வரம்பு கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். மசியவில்லையென்றால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் கொடுப்பது முக்கியம்.

கேள்வி: நாலு வயது மகனுக்கு மலத்தில் வெள்ளை நூல்போலச் சின்னச் சின்னப் பூச்சிகள். இரவில் ஆசனவாயைச் சொறிகிறான். பக்கத்துத் தெருவில் பன்றி வளர்க்கிறார்கள். அதனால்தானா? (தாய், மட்டக்குளி)

இல்லை மகள். நீங்கள் எழுதியிருப்பது நூற்புழு, கீரிப்பூச்சி என்போமே, அது. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டும்தான் வரும். பன்றியைக் குறை சொல்ல முடியாது. டொக்டரிடம் கேட்டு வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச்சிக்குளிசை எடுங்கள், இரண்டு கிழமையில் இன்னொரு தரம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், படுக்கை விரிப்பைச் சுடுதண்ணீரில் தோயுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் அட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்து மூன்று வருடமாக ஒரு பண்ணையில் தொழுவம் கழுவுகிறார். இரண்டு மாதமாக வறட்டு இருமல், இரவில் இழுப்பு. மலம் சோதித்துப் பூச்சி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி, ஆஸ்துமாவாக இருக்கும் என்கிறார். (வாசகி, வத்தளை)

உங்கள் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன் அம்மா.

முதல் விஷயம்: இரண்டு கிழமைக்கு மேலே இருமல் நின்றால் சளி சோதிக்க வேண்டும். இரண்டு மாதம் ஆகிவிட்டது. நாளைக்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் மார்பு நோய்ப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காசநோய் இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அது முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டாவது: "மலத்தில் பூச்சி இல்லை" என்றால், மலத்தில் முட்டை இல்லை என்பதுதான் அர்த்தம். முட்டை இடுவது வளர்ந்த பெண் புழு. விழுங்கிய முட்டையிலிருந்து வரும் குடம்பியோ முதலில் குடலைத் துளைத்து ஈரலுக்குப் போகும், அங்கிருந்து நுரையீரலுக்கு, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, திரும்ப விழுங்கப்பட்டுக் குடலுக்கு வரும். இந்தச் சுற்றை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் ஷிமேசு கொய்னோ என்ற ஜப்பானிய வைத்தியர். 1922இல் மனித வட்டப்புழுவின் 2000 முட்டைகளைத் தானே விழுங்கினார். சில நாட்களில் நெஞ்சுச் சளிக் காய்ச்சல் வந்து, தன் சளியிலேயே குடம்பிகளைக் கண்டார். பன்றியின் புழுவும் இதே வழியால்தான் போகும். ஆனால் மனித உடம்பு அதன் சொந்த வீடு அல்லாததால், பல தரம் நுரையீரலிலும் ஈரலிலும் அலைந்துவிட்டு வளராமலே அழிந்துபோகும். அப்படியானால் இருமல் இருக்கும், இழுப்பு இருக்கும், மலத்தில் முட்டை மட்டும் இருக்காது. 1970இல் கனடாவில் ஒரே வீட்டில் தங்கியிருந்த 4 மாணவர்களின் சாப்பாட்டில் ஒருவன் வேண்டுமென்றே பன்றி வட்டப்புழு முட்டைகளைக் கலந்தான். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது மூச்சுத் திணறலோடுதான்.

எங்கள் ஆய்வுகூடத்துக்கும் தொழுவம் கழுவும் ஒரு தம்பியின் இரத்தம் வந்தது. மலம் சுத்தம். இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை இரத்தக்கலம், சாதாரணமாக நூறில் ஐந்தாறுக்கு மேலே போகாது. அவருக்கு நூறில் 34. நான் நம்பாமல் இரண்டாம் தரம் எண்ணினேன். அதுவரை நாலைந்து மாதம் ஆஸ்துமா மருந்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன். டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவர் சொல்ல வேண்டிய முதல் வசனம் "நான் பன்றித் தொழுவம் கழுவுகிறேன்" என்பது. இரத்தச் சோதனையில் இயோசினோபில் எவ்வளவு என்று கேளுங்கள். ஆஸ்துமாவாகவே இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். டொக்டர் பார்த்து முடிவு சொல்லட்டும், முதலாளி சொல்ல வேண்டாம்.

வேலையில்: முழங்கால்வரை றப்பர் பூட்ஸ், கையுறை, முகத்துக்கு மறைப்பு. வேகமான பைப்பால் அடித்துக் கழுவும்போது தூவானமாகத் தெறிப்பது வாய்க்குள் போகும். முதலில் மண்வெட்டியால் வழித்து அள்ளிவிட்டு, பிறகு மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள். வேலை உடுப்பைப் பண்ணையிலேயே மாற்றிவிட்டு வரட்டும். வெற்றிலை போடுகிறவர் என்றால், இடையில் அந்தக் கையாலேயே சுண்ணாம்பைத் தொட்டு வெற்றிலையில் தடவுகிற பழக்கம் நிற்க வேண்டும். இந்த முட்டை பிசின்போல ஒட்டும், வெறும் தண்ணீரில் கை நனைத்தால் போகாது. பூட்ஸும் கையுறையும் சவர்க்காரமும் முதலாளி வாங்கித் தர வேண்டிய சாமான்கள். அவர் சம்பளத்தில் கழிக்கக்கூடாது.

கேள்வி: 40 பன்றிகள் வைத்திருக்கிறேன். கழிவு பயோகாஸ் தாங்கிக்குப் போகிறது, வெளியே வரும் தண்ணீரை மரக்கறிக்கு விடுகிறேன். பூச்சி மருந்தும் ஒழுங்காகக் கொடுக்கிறேன். இதற்கு மேலே என்ன செய்ய? (வாசகர், ஜா-எல)

இவ்வளவு செய்கிற உங்களைப் போன்றவர்கள் நிறைய வேண்டும் தம்பி. மூன்று விஷயம் மட்டும்.

பயோகாஸ் தாங்கியின் சூடு நம் நாட்டில் 30, 35 பாகை அளவில் இருக்கும். வாயு வரும், நாற்றம் குறையும், முட்டை சாகாது. பெரும்பகுதி அடிச் சேற்றில் படியும். ஆகவே மேலே வரும் தண்ணீரைவிட, தாங்கி துப்புரவாக்கும்போது அள்ளும் சேறுதான் முட்டைக் களஞ்சியம். கழிவுநீரைப் பயிருக்கு விடுவதென்றால் ஒரு லீற்றருக்கு ஒரு புழு முட்டைக்கு மேலே இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கீரைக்கு விடாதீர்கள். வாழைக்கும் தென்னைக்கும் அடியில் விடுங்கள்.

சேற்றையும் சாணத்தையும் தும்புத்தூள், மரத்தூள், காய்ந்த இலை கலந்து, நெஞ்சளவு உயரத்துக்குக் குவியுங்கள். சின்னக் குவியல் சூடேறாது. 55 பாகைக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் 5 தரம் புரட்ட வேண்டும். வெளியே கிடந்தது உள்ளே போகாவிட்டால் விளிம்பில் உள்ள முட்டை அப்படியே இருக்கும். ஒரு நீளத் தண்டு வெப்பமானி வாங்குங்கள். மேலே சுண்ணாம்பு தூவுவது ஈயை விரட்டும், அவ்வளவுதான்.

மருந்து கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் புழுக்கள் சாணத்தோடு விழும், கண்டிருப்பீர்கள், வெள்ளை நூடில்ஸ்போல, சிலது ஒரு அடி நீளம். செத்த பெண் புழுவின் வயிறு நிறைய முட்டை. அந்த நாட்களின் சாணத்தைத் தனியாக அள்ளிச் சூடேறும் குவியலின் நடுவில் போடுங்கள். குட்டி போடும் தாய்க்கு ஒன்றிரண்டு கிழமைக்கு முன்னால் மருந்து கொடுத்து, குட்டிக்கூட்டுக்குள் விடுமுன் மடியையும் வயிற்றையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள். குட்டிக்கு முதல் முட்டை அந்த மடியிலிருந்துதான் போகிறது. ஐவர்மெக்டின் ஊசியை மட்டும் நம்பியிருந்தால் மிருக வைத்தியரிடம் சாட்டைப்புழு என்ற இன்னொரு குடற்புழுவைப் பற்றியும் கேளுங்கள். அதற்கு அது எப்போதும் சரிவர வேலை செய்யாது.

கேள்வி: நத்தாருக்கு வாங்கிய பன்றி ஈரலில் வெள்ளை வெள்ளைப் புள்ளிகள். எறிந்துவிட்டோம். பன்றி சாப்பிட்டால் மூளையில் புழு வரும் என்று சொல்கிறார்களே? 2024இல் வந்த பன்றிக் காய்ச்சலும் நமக்குத் தொற்றுமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

அந்த வெள்ளைப் புள்ளிகள், வட்டப்புழுக் குடம்பி ஈரலுக்குள்ளால் போன வழியின் தழும்பு. பால் தெளித்ததுபோல இருக்கும். நன்றாகச் சமைத்த ஈரலால் உங்களுக்குப் புழு வராது. ஆனால் அந்தப் பன்றி நின்ற தொழுவம் எப்படி என்பதை அந்த ஈரல் சொல்கிறது. புள்ளி நிறைந்த ஈரலை வாங்காமல் விடுவது நல்லது.

மூளைப் புழு விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். பன்றி நாடாப்புழு, டீனியா சோலியம், வளர்ந்த புழுவாக வாழ்வது மனிதக் குடலில் மட்டும். முட்டை மனித மலத்தில் வருகிறது, பன்றிச் சாணத்தில் வருவதில்லை. மனித மலத்தைத் தின்ற பன்றியின் தசையில் அது கொப்புளமாக நிற்கும். அந்த இறைச்சியை வேகாமல் சாப்பிட்டவருக்குக் குடலில் நாடாப்புழு வரும். மூளையில் கொப்புளம் வருவது, நாடாப்புழு உள்ள ஒரு மனிதரின் மலத்திலிருந்து முட்டை வாய்க்குப் போனால்தான். பன்றி இறைச்சியே தொடாத வீட்டிலும் அது வரலாம். ஆகவே இறைச்சியை நடுவரை வேகவிடுங்கள், மலசலகூடம் போய்வந்த கையைக் கழுவுங்கள், பன்றியை வெளியே மேயவிடாதீர்கள்.

2024 இறுதியில் இங்கே உறுதியான ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. அது பன்றிகளையும் அவற்றை வளர்த்தவர்களையும்தான் அழித்தது.

கேள்வி: நான் உயர்தர உயிரியல் மாணவி. புத்தகப் படத்தில் மட்டும் பார்த்த அஸ்காரிஸ் முட்டையைப் பாடசாலையில் நேரே பார்க்க முடியுமா? (மாணவி, பம்பலப்பிட்டி)

முடியும் பிள்ளை. ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையுறை போட்டுச் செய்யுங்கள். அன்று காலை போட்ட புதுச் சாணம்தான் வேண்டும். ஏன் புதுச் சாணம் என்று மேலே வெள்ளவத்தை அக்காவுக்கு எழுதியதை வாசியுங்கள்.

சுடுதண்ணீரில் உப்பை இனிக் கரையாது என்ற மட்டும் கரைத்து ஆறவிடுங்கள். ஒரு யோகட் கப்பில் 4 கிராம் சாணத்தை 60 மில்லிலீற்றர் உப்புக் கரைசலில் கலக்கி, பிறகு எறியக்கூடிய ஒரு தேயிலை வடியால் வடியுங்கள். வடித்ததைச் சிறு சோதனைக்குழாயில் விளிம்புக்கு மேலே சற்றுப் புடைத்து நிற்கும்வரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடி மூடித்துண்டை வைத்து 20 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். வெறும் தண்ணீரில் அடியில் படியும் முட்டை, உப்புக் கரைசலில் மிதந்து கண்ணாடியில் வந்து ஒட்டும். மூடித்துண்டை நேரே மேலே தூக்கி வழுக்கியில் (நுணுக்குக்காட்டிக்கான கண்ணாடித் தகட்டில்) வைத்து, 10 மடங்கு வில்லையில் ஒரு மூலையிலிருந்து வரிவரியாகப் பாருங்கள். பிளேன்டீ நிறத்தில் முட்டுமுட்டாக இருந்தால் அஸ்காரிஸ். இரண்டு முனையிலும் கார்க் அடைத்த சிறு பீப்பாபோல இருந்தால் சாட்டைப்புழு. வளையமான நீர்க்குமிழிகளைக் கண்டு முதல் நாள் எல்லோரும் ஏமாறுவார்கள். குமிழிக்கு விளிம்பு கறுப்பாக, உள்ளே வெறுமையாக இருக்கும்.

முடிந்ததும் எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். கண்டதைப் பென்சிலால் வரைந்து எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.